கேட்டு வாங்கிய அப்பளம்

தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று சாப்பிடுவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை ஐயா. காவலூர் போகிற மலைப்பாதையில் ஹாட் பாட் கடை வந்திருக்கிறது என்று என் மகள் தமிழரசி சொன்னபோது, சப்பாத்தி போட்டு வைக்கும் டப்பா விற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் மேசைக்கு நடுவில் அடுப்பு, அதன்மேல் கொதிக்கிற சாறு. காளான், கீரை, கறி எல்லாம் பச்சையாக ஓரத்தில் அடுக்கியிருக்கிறார்கள். நாமே எடுத்துவந்து நாமே வேகவைத்துக்கொள்ள வேண்டும். காசும் கொடுத்துச் சமையலும் செய்துவிட்டு வரவேண்டும்.

என் சம்பந்தி தனசேகரன் ஆலங்காயத்துக்காரர். மூன்று வருஷத்துக்கு முன் படவேட்டில் நடந்த கல்யாணப் பந்தியில் அவர் இலைக்கு அப்பளம் வைக்க மறந்துவிட்டோம். எங்கள் தவறுதான், மறுக்கவில்லை. அன்றிலிருந்து போகிற இடமெல்லாம், "பொண்ணு குடுத்தவங்க வூட்ல ஒரு அப்பளத்த கேட்டு வாங்க வேண்டியதாப் போச்சு" என்பார். வளைகாப்பில் சொன்னார். பேரனுக்குப் பெயர் வைக்கும்போதும் சொன்னார். தமிழரசி அந்த வீட்டில் தினமும் அப்பளம் பொரித்தாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் கடிப்பாராம். எனக்கு வயிறு எரிந்தது.

பேரனின் பிறந்தநாளுக்கு எல்லோரையும் அந்தக் கடைக்கு அழைத்தது நான்தான். மாப்பிள்ளையைப் பெற்றவர் எழுந்துபோய்த் தனக்குத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வாரா? மற்றவர்கள் தட்டோடு போனார்கள். அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேண்டியதை நான் கொண்டுவந்தேன். அங்கே கோழி உருண்டையும் இறால் உருண்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பெயர் எழுதிய அட்டையைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும். படிக்க அவர் எழுந்து வரவேண்டும்.

இறால் பட்டாலே அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். நிச்சயதார்த்தத்தன்று சமையல்காரரிடம் அதை என் எதிரில்தான் இரண்டு தடவை சொன்னார்.

"இன்னா உருண்டைங்க இது?" என்று கேட்டார்.

"கோழிங்க சம்பந்தி."

சாற்றில் வேகவைத்து நான்கு வைத்தேன். ஐந்தாவதுக்குக் கிண்ணத்தைக் கையால் மறைத்து, "போதுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. போதும் என்றவருக்கு இன்னொன்று வைப்பதுதான் நம் பக்கத்து உபசாரம். வைத்தேன். மரியாதைக்கு அதையும் சாப்பிட்டார். பிறகு உதடு வீங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை மூச்சு இருந்தது. மீன், இறால் ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். தமிழரசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அவருக்கு இன்னா வச்ச? நெசத்த சொல்லுப்பா" என்று அழுதாள். கோழிதான் என்றேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்று தெரியும். வருத்தமில்லை. அவளுக்காகத்தான் செய்தேன் என்பது ஒருநாள் அவளுக்கே புரியும். ஒரு அப்பளத்தை மூன்று வருஷம் மனதில் வைத்துக்கொள்கிற அற்ப புத்தி சம்பந்திக்கு இருந்தது. எனக்குக் கிடையாது.

நேற்று மதியம் இங்கே எனக்குக் கொடுத்த சாப்பாட்டில் அப்பளம் இல்லை. ஏட்டையா தட்டில் இரண்டு இருந்தது. நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.