விற்காத பீரோவுக்கு வரி

"விக்காத சரக்குக்கு வரி கட்டின ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன், பாய்."

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த கணக்கர்தான் அலுப்போடு அப்படிச் சொன்னார். மடியில் பேரேடும் விற்பனை வரி ரிட்டர்ன் நகல்களும் இருந்தன. அவர் பக்கத்தில் இருந்த பாய்க்குக் கரையான்சாவடியில் பீரோ பட்டறை, அதன் கணக்கு இவர் கைக்கு இப்போதுதான் வந்தது என்று பேச்சில் தெரிந்தது.

"போன வருஷம் பேரேட்டுல நாப்பது பீரோதான் வித்திருக்கு. ரிட்டர்ன்ல தொண்ணூறுன்னு இருக்கு. எல்லாரும் குறைச்சுத்தானே காட்டுவாங்க?"

"யாவாரம் படுத்துகினு கீதுன்னு தெரிஞ்சா, பேங்க்ல கடனை உடனே கட்டச் சொல்லுவான் சார். அவன் ரிட்டர்னைத்தான் பாக்குறான். பட்டறைய மூடிட்டா, வேலை செய்ற நாலு பேரு எங்க போவாங்க?"

"எத்தனை வருஷமா இப்படி?"

"மூணு வருஷமா. வரி கட்ட ஸ்கூட்டரை வித்துட்டேன். ஊட்ல ரிப்பேருக்கு உட்டுகீறேன்னு சொல்லி வச்சிகீறேன்."

கணக்கர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வருஷத்து ரிட்டர்ன் இன்னும் போகல. என்ன எழுதட்டும்?"

ஆவடியில் இறங்க எழுந்தபோதுதான் பாய் சொன்னார்:

"உள்ளதையே எழுதுங்க சார். பேங்க்காரன் வந்தா வரட்டும். இல்லாத பீரோவை வித்து வித்து ஓய்ஞ்சி போய்ட்டேன்."