வாப்பாவின் துவக்குச் சத்தம்

உழவு மெசின் பெட்டிக்குள் குப்புறக் கிடக்கிறோம். என் மேல் உம்மா. எனக்குக் கீழே தங்கச்சிமார் இருவர். பலகையில் பசளை மணம். சுபஹுத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான். இன்னும் சரியாக வெளிக்கவில்லை. மேற்கே, காட்டுப் பக்கம், வெடிக்கிறது. டக்டக்டக்டக். நிற்கிறது. மறுபடியும் டக்டக்டக்டக்.

வாப்பா வீதியில் நிற்கிறார். ஒரு தோளில் துவக்கு. மறு தோளில் மண்வெட்டி. காவல் முடிந்ததும் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருவதாக இருந்தவர். பெட்டியில் ஓங்கி அடிக்கிறார்.

“தலையத் தூக்காதீங்க! ஓட்டுடா! எங்கயும் நிப்பாட்டாத!”

எங்களிடம் வேறொன்றும் சொல்லவில்லை. மெசின் வெளிக்கிட்டது. பலகை இடுக்கால் பார்த்தேன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மதகை நோக்கி ஓடினார். காட்டிலிருந்து ஊருக்குள் வர வாய்க்கால் மதகு ஒன்றுதான் வழி. அதை மறித்து நின்றவர்கள் வாப்பாவோடு நான்கு பேர். ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் சம்மாந்துறை வீதியில் ஏறும்வரை தாக்குப்பிடித்தால் போதும். அதுதான் அவர்களுடைய திட்டம். திட்டம் என்று சொல்வதே அதிகம்.

என் வாப்பாவின் பெயர் உதுமாலெவ்வை. இப்போது வருசா வருசம் அந்த நாளில் மேடை போடுகிறார்கள். ஊரைக் காத்த சிங்கம் என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறார்கள். எனக்குக் கோபம் வரும். அவர் சிங்கமில்லை. ஒருமுறை வயலுக்குள் வந்த யானைக்குச் சுட்டார். காயப்பட்டது தென்னை மரம். யானை திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தின்றதைத் தின்றது. அந்தக் கதையைச் சொல்லி முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

துவக்கை அவர் கேட்டு வாங்கவில்லை. ஊர் எல்லையில் வயல் பார்க்கப் போன இரண்டு பேர் வெட்டப்பட்டார்கள். பிறகு ஊர்க்காவலுக்கென்று அரசாங்கம் ஆண்களுக்குத் துவக்குக் கொடுத்தது. மற்றவர்களுக்குப் புதியது. வாப்பாவுக்கு மட்டும் பழையது, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா. பயமாக இருக்கிறது என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுத்தான் போனார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். வாப்பாவுக்கு நாங்கள் மூன்றும் பெண். கூட்டாளிமார் கேலி செய்வார்கள். அல்லாஹ் குமர்களைத் தந்தான், கல்லும் தருவான் என்பார். இரவில் காவல். காலையில் வயல். பின்னேரம் வீட்டுக்குச் செங்கல் அறுப்பு. அவர் எப்போது உறங்கினார் என்று கேட்டால், வெள்ளிக்கிழமை பள்ளியில், பயான் பிரசங்கம் நடக்கும்போது. எங்கள் மூவருக்கும் பேன் பார்த்ததும் அவர்தான். துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு முற்றத்தில் இருந்து, ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார். உம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பெட்டி குலுங்குகிறது. தங்கச்சி அழுகிறாள். பின்னால் படபடவென்று, காட்டிலிருந்து வந்த இயக்கத்துக்காரரின் வெடி. அதற்கு நடுவே தனியாக ஒரு சத்தம். டொம். இடைவெளி. தோட்டா மாற்றுகிறார். டொம். அது எங்கள் வாப்பா. உயிரோடிருக்கிறார். உம்மாவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொள்வது தெரிகிறது. டொம்.

வாய்க்கால் வளைவில் மெசின் திணறியது. இரைச்சல் கூடியது. உம்மா சடாரென்று எழும்பினா.

“மெசின நிப்பாட்டு! சத்தம் கேக்கல்ல! நிப்பாட்டு!”

ஓட்டியவன் நிப்பாட்டவில்லை. வாப்பா சொன்னதைத்தான் செய்தான்.

சம்மாந்துறைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இறக்கினார்கள். அன்று பின்னேரம், அஸர்த் தொழுகைக்குப் பிறகு, வாப்பாவோடு நின்ற மூன்று பேரின் ஜனாஸாக்கள் வந்தன. ஊருக்காக உயிர் கொடுத்த ஷஹீதுகளென்று குளிப்பாட்டாமல், உடுத்த உடுப்போடு அடக்கினார்கள். வாப்பா வரவில்லை. வேளாண்மை கதிர் விடக் குடலைக்கு வந்திருந்த காலம். வாய்க்கால் நிறையத் தண்ணீர் திறந்திருந்தார்கள். விழுந்திருந்தால் எங்கே போய்ச் சேர்ந்தாரோ.

சவளக்கடையிலிருந்து தம்பிப்பிள்ளை அண்ணன் வந்தார். தமிழர். அவருடைய வயலும் எங்களுடையதும் ஒரே வரம்பு. போகத்துக்குப் போகம் வாப்பாவோடு தண்ணீர்ச் சண்டை பிடிப்பார். பின்னேரம் இரண்டு பேரும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த நாட்களில் அவருக்கும் அங்கே நடமாடுவது ஆபத்து. ஆனாலும் வாய்க்கால் ஓரமாகவே தேடிப் போயிருக்கிறார். கிடைத்தது மண்வெட்டி மட்டும். அதை உம்மாவின் முன்னால் வைத்தார். அழுதுவிட்டுப் போனார்.

உம்மா அழவில்லை. துவக்குச் சத்தம் நின்றதைத் தான் கேட்கவில்லை, கேட்காமல் எப்படி மௌத்து என்பது என்று சொல்லிவிட்டா. புருசன் மௌத்தானால் இருக்கவேண்டிய இத்தா இருக்கவில்லை. வெள்ளை உடுக்கவில்லை. கைவளையல் கழற்றவில்லை. ஊர் முதலில் பாவப்பட்டது. பிறகு முணுமுணுத்தது. உம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஊருக்குத் திரும்பினோம். எங்கள் வீடு எரிந்திருந்தது. வாப்பா எனக்கென்று அறுத்து அடுக்கிய கல் அப்படியே கிடந்தது. மழையில் பாசி பிடித்திருந்தது. போதாத கல்லை உம்மாவும் நாங்களும் அறுத்தோம். வாப்பா வந்து கேட்பார் என்று சொல்லிச் சொல்லியே எங்களிடம் வேலை வாங்கினா. சோம்பலாக இருந்தால், வாப்பா வரட்டும். பரீட்சையில் புள்ளி குறைந்தால், வாப்பா வரட்டும். நாங்கள் பயந்தோம். உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது. வரப்போகிறவருக்குத்தானே பயப்படுகிறோம்.

வீட்டுக்குக் கூரை ஏறியது. எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். நல்ல இடம். மாப்பிள்ளைக்குக் கட்டார் விசா வந்திருந்தது. போகுமுன் நிக்காஹ் முடியவேண்டும். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. பெண்ணின் வலி யார்?

பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்கும் பொறுப்புள்ளவர் வலி. அது வாப்பா. மௌலவி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிசன். முன்னறையில் இருந்து, கதவுக்குப் பின்னால் நின்ற உம்மாவுக்கு மெல்ல விளங்கப்படுத்தினார். வாப்பா காணாமல் போனவர் என்றால் மார்க்க நீதவானான காதியார் வலியாக நிற்பார். மௌத்தானவர் என்றால் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா நிற்கலாம். எதுவென்று உம்மாதான் சொல்லவேண்டும்.

காதியார் போதும் என்றிருந்தால் உம்மா புருசன் உள்ளவளாகவே இருந்திருப்பா. பட்டுச் சேலை உடுத்து என் கலியாணத்தில் முன்னுக்கு நின்றிருப்பா. மௌத்தென்று சொன்னால் அந்த நிமிசமே இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள். கலியாணத்தைக் கண்ணால் காணவும் கிடைக்காது. இது எனக்குத் தெரியும். காதியாரே போதும் என்று உம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கையை உருவிக்கொண்டா.

“என்ட புள்ளய அவர்ர ரத்தம் கையப் புடிச்சிக் குடுக்கட்டும்” என்றா. மூச்சு வாங்கினா. “அவர் மௌத்து. துவக்குச் சத்தம் நிண்டத்த நான் கேட்டன்.”

 முன்னறையில் இருந்த சாச்சா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உம்மா நின்ற இடத்திலேயே வளையல்களைக் கழற்றினா. ஒவ்வொன்றாக என் கையில் போட்டா.

எனக்காகப் பொய் சொல்கிறா என்றுதான் நினைத்தேன். வளைவில் நானும் இருந்தேனே. மெசின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை.

கலியாணம் நடந்தது. முன்னறையில் ஆட்கள். பின்னறையில் உம்மா, வெள்ளையில். சாச்சா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் சொன்னார். வாப்பாவின் குரல்தான் அவருக்கும். முடிந்ததும் சிவப்புச் சேலையோடு உள்ளே போனேன். உம்மா பாயில் இருந்தா. நிக்காஹ் முழுவதும் கேட்டதாம். என் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டா. அப்போது கேட்டேன், ஏன் உம்மா பொய் சொன்னீங்க என்று.

“பொய்யில்ல மகள். வளைவுலயே கேட்டிச்சி. அவர்ர ஒரு வெடி. பொறகு ஒண்டுமில்ல. இன்னொண்டு கேக்குமாண்டுதான் நிப்பாட்டச் சொன்னன்.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா. “ஒங்கள வளத்தெடுக்க எனக்கு அவர் தேவப்பட்டார்.”

அதன் பிறகுதான் அழுதா. இத்தனை வருசம் வைத்திருந்த அழுகை. வெளியே ஆட்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கலியாணச் சேலையோடு அந்தப் பாயில் கிடந்தேன். அன்றுதான் எங்கள் வீட்டில் வாப்பா மௌத்தானார்.

இப்போது உம்மாவும் இல்லை. ஆகவே நான் சொல்லிவைக்கிறேன். மேடையில் சிங்கம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதகடியில் நின்றவர்கள் நான்கு பேர். ஒருவரும் திரும்பவில்லை. அன்று பெட்டிகளில் ஏறிய பெண்களிலும் பிள்ளைகளிலும் ஒருவரும் சாகவில்லை. எரிந்தது ஒரு வீடு. பிறகு கட்டியது மூன்று. மூன்றிலும் மகள்மார் குடியிருக்கிறோம். அடக்கிய மூன்று கபுறுகளில் அடையாளத்துக்கு மீஸான் கட்டை நட்டிருக்கிறது. நான்காவது, என் வாப்பா உதுமாலெவ்வை. அவருக்குக் கபுறு இல்லை.