கிணற்று விளிம்பில் நின்றவர்

என் பெயர் வேணி, வயது 34, கணவர் பெயர் கோபி. திண்டிவனம் வட்டம், ஒலக்கூர் ஒன்றியம், கோடிப்பாக்கம் காலனியில் குடியிருந்து விவசாயக் கூலி வேலை செய்து வருகிறேன். என் கணவர் வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய் வாரம் ஒரு முறை வருவார். எங்கள் ஊர் சுப்பராயலு என்பவர் புயல் வெள்ளத்தில் தன் சொந்தக் கிணற்றில் விழுந்து இறந்தது சம்பந்தமாக இன்று என்னை விசாரித்ததில் நான் சொல்வது என்னவென்றால்:

இறந்தவரின் மகன் தமிழ்மணி, நான் முன்விரோதத்தில் அவருடைய அப்பாவைக் கிணற்றில் தள்ளிவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார். இறந்தவரின் மணிக்கட்டில் நகக்கீறல் இருந்ததையும் சட்டையில் கண்ணாடி வளையல் துண்டு இருந்ததையும் அதற்குக் காரணமாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கீறல் என் நகம் பட்டதுதான். வளையலும் என்னுடையதுதான். ஆனால் நான் தள்ளவில்லை.

முன்விரோதம் இருந்தது உண்மை. காலனியிலிருந்து தார் ரோட்டுக்கு அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடும் கொல்லைதான் குறுக்கு வழி. நாங்கள் அதில் கால் வைத்தால் அவர் வரப்பில் நின்று தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை வீசி விரட்டுவார். கொல்லை நடுவில் உள்ள கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, அதன் வாய் தரையோடு தரையாக இருக்கும். போன வருடம் பக்கத்து வீட்டு ஜெயத்தின் ஆடு அதில் விழுந்து செத்தபோது, சுவர் கட்டச் சொல்லி நான்தான் முன்னால் நின்று சத்தம் போட்டேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். அதற்குப் பிறகும் அவர் என்னை வேலைக்குக் கூப்பிட்டார், ஆனால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கூலியைக் கையில் தராமல் வரப்பில் வைத்துவிட்டுப் போவார். அது சண்டையால் வந்த பழக்கம் இல்லை, காலனி ஆட்களுக்கு அவர் எப்போதும் அப்படித்தான்.

புயலன்று விடிந்த பிறகு ஏரிக்கரை உடைந்தது. கொஞ்ச நேரத்தில் காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, ஜெயத்தின் வீட்டுச் சுவர் எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு நானும் ஜெயமும் மற்ற பெண்களும் தார் ரோட்டு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பினோம். வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் இருக்கப் புடவைகளை முடிச்சுப் போட்டு, அதை எல்லோர் இடுப்பிலும் சுற்றிக் கட்டி ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். என் மூன்று வயது மகள் அஸ்வினி என் இடுப்பில் இருந்தாள். எனக்கு வழி தெரியும் என்று சொல்லி முன்னால் போனது நான்.

கிணற்றை ஒட்டி மோட்டார் கொட்டாய் இருக்கும். அதை அடையாளம் வைத்து விலகி நடப்பது எங்கள் வழக்கம். அன்று எங்கு பார்த்தாலும் செந்தண்ணீராக இருந்தது, தூரத்தில் கொட்டாயின் தகரம் மட்டும் தெரிந்தது. அதை விட்டு விலகித்தான் நடந்தேன். கொட்டாய் இரவுக் காற்றிலேயே விழுந்து, தகரம் மிதந்து போய் வேறு பக்கம் ஒரு தென்னையில் மாட்டிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் நேராகக் கிணற்றை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது மேட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து சுப்பராயலு தண்ணீரில் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, எங்களுக்கு எதிரே நின்று துண்டை வீசினார். என்னவோ கத்தினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியும் இருக்கவில்லை, அந்தத் துண்டைத்தான் எத்தனையோ வருடமாகப் பார்த்து வருகிறேன். ஆத்திரம் தாங்காமல், “இன்னிக்குமா தொரத்துற? மனுசனாய்யா நீ?” என்று கத்திக்கொண்டே அவரை நோக்கி நடந்தேன். அவர் நகரவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கிட்டே போன பிறகுதான் “நில்லு பொண்ணே, கெணறு!” என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் காலடியில் கரை சரிந்தது.

உடனே நான் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கிணற்றுக்குள் சுழித்து இழுத்தது. வளையல் உடைந்தது. என் காலும் வழுக்கியது, என் பின்னால் முடிச்சில் இருந்தவர்களும் இழுபட்டு வந்தார்கள். “உட்டுடு வேணி, எல்லாரும் பூடுவோம்” என்று ஜெயம் அழுதாள். நான் விடவில்லை. அவர் என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார், அதன் பிறகு பின்னால் இருந்த புடவை முடிச்சுகளைப் பார்த்தார். அதன் பிறகு இன்னொரு கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசியாக இருந்த சுண்டுவிரலைப் பின்னால் மடக்கி ஒடித்தார். “புள்ளயப் பாரு” என்றார். அதன் பிறகு துண்டு மட்டும் தண்ணீரின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். சரிந்த கரையும் கொட்டாய்க் கல்லும் அவர் மேல் விழுந்திருந்ததாகப் பிறகு அவரை எடுத்த தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் உயிரோடு ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து என்னை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கையில் கட்டுப் போட்டார்கள்.

எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, கேஸ் உன் தலையில் விழும் என்று காலனியில் சொன்னார்கள். ஆனால் காலனி ஆட்களை விரட்டப் போய்த்தான் மனிதர் செத்தார் என்று ஊருக்குள் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன், அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தேன். அவர் கடைசியாக என்னிடமிருந்து கேட்டது அந்தச் சொல்தான். அன்று அவர் எங்களை விரட்டவில்லை. என்மேல் கேஸ் போட்டாலும் சரி, இதைத் தமிழ்மணிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஒடிந்த விரல் இன்னும் கூடாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(வேணி, இ.பெ. ரேகை)