மந்திரியின் அங்கிக்குள் இல்லாத முத்திரை

எனது பெயர் நிருஜா சோதிலிங்கம். வயது பதினான்கு. மவுண்ட் ஆல்பர்ட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். என் தாயார் குணவதி அருகில் இருக்க, இதைப் பொலிஸ் அலுவலரிடம் தமிழில் சொல்கிறேன்.

எங்கள் ஞாயிறு தமிழ்ப் பாடசாலையின் வாணி விழாவுக்காகச் சீன அரசவை பற்றி ஒரு நாடகம் எழுதினேன். அதில் வரும் தலைமை மந்திரி என் கற்பனை; ஆனால் அவரைப் போல் வீழ்ந்தவர்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். எதிரிகள் அரச முத்திரையை அவருடைய அங்கியின் கைக்குள் ஒளித்து வைத்து அவரைத் திருடனாக்குவார்கள். அந்தக் காட்சிக்காக அடுத்த வீட்டுத் திருமதி லின் தன் தந்தையாரின் கல் முத்திரையை எனக்கு இரவல் தந்தார். மந்திரியாக நடித்தவன் ஜனார்த்தன்.

பூசை நாளன்று மாலை ஒத்திகை முடிந்ததும் முத்திரையைக் காணவில்லை. அதன் பின்னர் நிர்வாகத் தலைவர் குணரத்தினம் மாமா, "கடைசியா இவன்ரை கையுக்குள்ளைதானே கிடந்தது" என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் ஜனார்த்தனின் பையைக் கொட்டினார். ஒரு ரக்பி காலுறையும் பாதி சாப்பிட்ட சாண்ட்விச்சும் விழுந்தன. ஜனார்த்தன் தன் கடதாசித் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். பதவி போகும் மந்திரி முதலில் தொப்பியைத்தான் கழற்றுவார் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அதன் பின்னர் மேடையைப் பார்த்தேன். சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிய புத்தகங்களை மூடிய மஞ்சள் துணி ஓரிடத்தில் மேடாக இருந்தது. எங்கள் பாடநூல்கள் மெல்லியவை.

"மாமா, துணியை ஒருக்கா தூக்கிப் பாப்பமா?" என்றேன்.

"உனக்கென்ன விசரே? விஜயதசமிக்கு முதல் அதை ஆரும் தொடக்கூடாது."

துணியைத் தொடாத அவர் பொலிசாருக்குத் தொலைபேசி எடுத்தார். நாடகத்திலிருந்தும் ஜனார்த்தனை நீக்கினார். பூசைக்குப் புத்தகம் அடுக்கிய புஷ்பவதி ரீச்சர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்ததால் அவரிடம் கேட்க முடியவில்லை.

மறுநாள் விஜயதசமிக் காலை புஷ்பவதி ரீச்சரே வந்து துணியை எடுத்தார். மேல் புத்தகத்தின் மீது முத்திரை இருந்தது, சந்தனப் பொட்டுடன்.

"மேசையிலை கிடந்துது, எழுத்து வெட்டியிருந்துது. எந்தப் பாஷையெண்டாலும் எழுத்து சரஸ்வதியின்ரைதானே. நான்தான் வச்சனான்" என்றார்.

திருமதி லின் பொட்டைத் துடைக்கவில்லை. சிரித்துவிட்டு, நாடகம் தொடங்கும் வரை முத்திரை அங்கேயே இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதன் பின்னர் குணரத்தினம் மாமா மேசையிலிருந்த தொப்பியைத் தூசி தட்டி ஜனார்த்தனிடம் நீட்டினார். "குறை நினையாதை தம்பி" என்றார்.

மந்திரியைக் காப்பாற்றி முடிவை மாற்றவா என்று ஜனார்த்தனிடம் கேட்டேன். "வேண்டாம். என்ரை தலையை வெட்டு, அதுதான் நல்ல சீன். பையை மட்டும் செக் பண்ணாதை" என்றான்.

ஆகவே ஜனார்த்தன் மீதான முறைப்பாட்டை முடித்துவிடும்படியும், சனிக்கிழமை நாடகத்தில் அவன் மந்திரியாகவே இறப்பான் என்று குறித்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. எழுதியதை அலுவலர் எனக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினார். சரியாக இருப்பதால் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) நிருஜா சோதிலிங்கம்