கூட்டாஞ்சோறு சார்

சிறுகிழங்கை ஆட்டோகிளேவில் வேகவைத்தால் தோல் அழகாக உரிந்து வரும். இது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை, நானாகக் கண்டுபிடித்தது. அழுத்தம் முழுவதும் இறங்குவதற்கு முன் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதைத்தான் மறந்துவிட்டேன்.

விசாரிக்க வந்த நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா. ஆரம்பம் அந்தக் கிழங்குதான். இந்த வருடம், தொண்ணூற்று நான்கு, பொங்கல் கழிந்த வாரம். என் பெயர் தாணுமாலையன். மருத்துவக் கல்லூரியில் கிருமியியல் துறையில் டியூட்டர், ஊர் அம்பாசமுத்திரம். கிருமி வளர்ப்பதற்கான அகார் கூழை நீராவி அழுத்தத்தில் சுத்திகரிக்கும் அந்தப் பெரிய கொப்பரையில், அகார் பாட்டில்களுக்குப் பக்கத்தில் கிழங்கையும் ஒரு துணியில் முடிந்து வைத்தேன். பசி. அவசரமாகத் திறந்தேன். அகார் உத்தரத்துக்குப் போயிற்று. ஒரு கிழங்கு பறந்து போய் துறைத் தலைவர் நமச்சிவாயம் சாரின் மேசையில் உட்கார்ந்தது.

அவர் அதை எடுத்துத் தோலை உரித்துப் பார்த்தார்.

"வே தாணு, கிருமிய வளரும்னு சம்பளம் குடுத்தா நீரு கிழங்கு அவிக்கீரு. உப்பாவது போட்டீரா வே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்க வைக்கிறவனிடம் யாரும் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை என்பது எனக்கு வெகு நாளாகத் தெரியும். அன்று கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, மேசையில் இருந்த மாதிரிக் குப்பிகள் எங்கே என்பது. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு. வார்டிலிருந்த டைபாய்டு நோயாளி ஒருவரின் மலம் அந்தக் குப்பிகளில் இருந்தது. பதற்றத்தில் உடைந்த பாட்டில்களோடு அவற்றையும் அள்ளிப் போட்டு மறுபடி வேகவைத்துவிட்டேன். கிருமிகள் கிழங்கைவிடப் பதமாக வெந்திருந்தன. அந்த நோயாளியும் குணமாகி ஊருக்குப் போய்விட்டார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. நோயில்லாத மாதிரி தேவைப்பட்டால், தேர்வு நடத்துகிற டியூட்டர் தன்னுடையதையே கொடுக்க வேண்டும். பிறத்தியாரிடம் போய்க் கேட்க முடியாத பொருள் என்பதால் வந்த வழக்கம். ஆகவே எல்லா மேசைக்கும் என்னுடையதையே பிரித்து வைத்தேன். பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய விடை: நோய்க்கிருமி எதுவும் இல்லை.

மாணவர்கள் அதை அகார் தட்டுகளில் தடவி இன்குபேட்டரில் வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்ப்பார்கள். குடலில் எல்லோருக்கும் இருக்கிற சாதாரணக் கிருமி அந்தத் தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளியாக வளரும். டைபாய்டுக் கிருமி நிறமே இல்லாமல் வெளிறி நிற்கும். சித்ரலேகா என்று ஒரு மாணவி. அவள் தட்டில் சிவப்புக்கு நடுவே வெளிறிய புள்ளிகள் இருந்தன. அதோடு விட்டிருக்கலாம். ஒரு புள்ளியைக் கண்ணாடித் துண்டில் எடுத்து, டைபாய்டுக்கான சீரத்தை ஒரு சொட்டு விட்டுக் கலக்கியிருக்கிறாள். திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக ஒட்டிக்கொண்டது.

"சார், இது டைபாய்டு சார்."

"கைய எங்கயாவது வச்சிருப்பம்மா. தட்டு கெட்டுப் போயிருக்கு."

"இல்ல சார். இன்னொரு தட்டுலயும் போட்டுப் பாத்துட்டேன். இது யாருக்குள்ளது சார்? காய்ச்சல் இல்லாம நல்லாத் திரியுத ஆளுன்னா, போற எடமெல்லாம் குடுத்துக்கிட்டுல்லா இருப்பாரு?"

"அவரப் பத்தி நீ கவலப்படாத. அவரு சௌக்கியமாத்தான் இருக்காரு."

அதில் பொய் எதுவும் இல்லை. மற்ற மாணவர்கள், தேர்வு மாதிரியில் வழக்கமாக நோய்க்கிருமி இருக்காது என்று தெரிந்ததால், தட்டைச் சரியாகப் பார்க்காமலே 'இல்லை' என்று எழுதி முழு மார்க் வாங்கினார்கள். சித்ரலேகாவுக்குப் பாதி போட்டேன். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் அடுத்த முறை அவளுக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

பிறகு நானே ஒருநாள் சோதித்தேன். பிஸ்மத் சல்பைட் தட்டில் டைபாய்டுக் கிருமி கறுப்பாக, மேலே உலோகப் பளபளப்போடு வரும். என்னுடையது அப்படி வந்தது. இத்தனை வருடம் பாடம் எடுக்கிறேன், அவ்வளவு திருத்தமான தட்டை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

படிக்கிற காலத்தில் எனக்கு டைபாய்டு வந்திருக்கிறது. காய்ச்சல் எல்லோருக்கும் போய்விடும். கிருமி சிலரிடம் போகாது. பித்தப்பைக்குள் குடியேறிவிடும். வீட்டுக்காரனுக்கு ஒரு தொந்தரவும் தராது. அவ்வப்போது வாசல் வழியாக வெளியே போகும், அவ்வளவுதான். இவர்களை நாங்கள் நோய்க்கடத்திகள் என்போம். அந்த வாரம் வகுப்பில் இதைத்தான் நடத்தினேன். நோய்க்கடத்தி பார்க்க ஆரோக்கியமாக இருப்பான், நன்றாகச் சாப்பிடுவான், நகைச்சுவையாகப் பேசக்கூடச் செய்வான் என்றேன். சிரித்தார்கள். அவன் மற்றவர்களுக்குச் சமைத்துப் பரிமாறவே கூடாது என்று கரும்பலகையில் எழுதி அடியில் கோடும் போட்டேன். கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஆகச் சிறந்த வகுப்பு அதுதான்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை, கூட்டாஞ்சோற்று நாள்.

நான் தனிக்கட்டை. ஒருவனுக்காக உலை வைக்க அலுப்பாக இருக்கும். சனிக்கிழமைகளில் மட்டும் பெரிய பானை வைப்பேன். அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய், எல்லாம் ஒன்றாகக் கிடந்து வேகும். வகுப்பு முடிந்ததும் வரிசையாக நிறுத்தி, உருண்டை பிடித்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பேன். கரண்டியால் எடுத்துப் போட்டால் அது வெறும் சோறு. கையால் பிடித்து வைத்தால்தான் கூட்டாஞ்சோறு. பிள்ளைகள் எனக்குக் கூட்டாஞ்சோறு சார் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "சூப்பர் சார்" என்பார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் கொண்டுபோனேன். யோசிக்காமல் இல்லை. கை கழுவியிருந்தேன், பெரும்பாலும் சோப்புப் போட்டு. கிருமி தினமும் வெளியே வருவதும் இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையை நாலு வாரம் விழுங்கினால் போகக்கூடும் என்பதும் தெரியும். ஆனால் மருந்துக் கடையில் 'யாருக்கு சார்?' என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளைகள் முகம். வெறுங்கையோடு போய் நின்றால் எவ்வளவு ஏமாந்து போவார்கள்.

மாசி பிறந்ததும் விடுதியில் காய்ச்சல் கிளம்பியது. முதலில் படுத்தவன் அலி அஸ்கர். மேலப்பாளையத்துப் பையன், கெட்டிக்காரன், கூச்ச சுபாவம். அப்புறம் அவன் அறைத் தோழர்கள். அவர்கள் ரத்தத்திலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்தவன் நான்தான். டைபாய்டு என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். வேலையில் நான் எப்போதும் நேர்மை.

கூட்டம் போட்டார்கள். தாமிரபரணித் தண்ணீரில்தான் கோளாறு என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் அம்பாசமுத்திரத்துக்காரன். என் எதிரே உட்கார்ந்து ஆற்றின் மேல் பழி போட்டால் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? "ஆத்தக் கொற சொல்லாதீங்க. சமையல் செய்யுத ஆளுகளச் சோதிச்சுப் பாக்கணும்" என்றேன். "அதுவும் சரிதான் வே" என்றார் நமச்சிவாயம் சார். அந்த வேலையையும் என்னிடமே கொடுத்தார்.

மெஸ் சமையல்காரர் கருத்தையா, ஏரல்காரர். அவருடைய மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு தட்டில் எங்கும் இளஞ்சிவப்பு, பிஸ்மத் தட்டில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. ஆனால் எல்லோரும் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார்கள். பெற்றோர் வந்து நிற்கிறார்கள், நமச்சிவாயம் சாருக்குத் தூக்கமில்லை. பதில் இல்லாமல் மனிதர்கள் தவிப்பதைப் பார்க்க எனக்கு என்றுமே ஆகாது. என்னிடம் ஒரு நல்ல கறுப்புத் தட்டு இருந்தது. இரண்டிலும் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டினேன்.

கருத்தையாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் டிரங்குப் பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் சுமந்து வந்தேன். மனிதருக்கு இடுப்பு வலி.

"சார், எனக்கு ஒரு காச்ச மண்டயிடி வந்ததில்லையே சார். என் கையாலயா பிள்ளைகளுக்கு வந்திச்சி?"

"அண்ணாச்சி, இது ஒங்களுக்கே தெரியாம வாறது. நீங்க ஒரு தப்பும் பண்ணல. மனசப் போட்டு ஒழட்டாதீங்க."

அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்தவங்கல்லாம் கிட்ட வரவே பயப்படுதாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் பெட்டியத் தூக்கிட்டு கூட வாறீங்க" என்றார். ஏரல் பஸ் புறப்படும்வரை கையசைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி நடக்கையில் மனசு லேசாக இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் நான் தகுதியானவன் என்றே பட்டது.

கருத்தையா போனதும் மெஸ் சாப்பாடு படுமோசம். பிள்ளைகள் அரைப் பட்டினி. ஆகவே புதன்கிழமையும் கூட்டாஞ்சோறு கொண்டுபோக ஆரம்பித்தேன். காய்ச்சல் நிற்கவில்லை. சமையல்காரர் போன பிறகும் எப்படிப் புதிதாக வருகிறது என்று நமச்சிவாயம் சார் தலையைப் பிய்த்துக்கொண்டார். நானும் கூடவே உட்கார்ந்து பிய்த்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அலி அஸ்கருக்குக் குடலில் ஓட்டை விழுந்தது. டைபாய்டில் அந்த வாரத்தில்தான் விழும். தேர்வில் கட்டாயம் வரும் கேள்வி. வயிற்றைத் திறந்து தைத்தார்கள். பிழைப்பானா என்று இரண்டு நாள் யாரும் சொல்லவில்லை. நான் கோயிலுக்குப் போய் அவன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். வந்து கை கழுவினேன்.

சித்ரலேகா அர்ச்சனை செய்யவில்லை. ஏரலுக்கு பஸ் ஏறினாள். கருத்தையாவைக் கெஞ்சி மாதிரி வாங்கி வந்து வளர்த்தாள். சுத்தம். மறுபடி போனாள். மறுபடியும் சுத்தம். அதற்கப்புறம் நமச்சிவாயம் சாரின் அறைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: பொங்கல் கழிந்து நடந்த தேர்வில், காய்ச்சல் கிளம்புவதற்கு முன்னாலேயே, தன் தட்டில் டைபாய்டு வளர்ந்ததே, அந்த மாதிரி கொடுத்தது யார்?

துறையின் வழக்கம் துறைத் தலைவருக்குத் தெரியாதா. என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனதும் ஒரு வேடிக்கை சொன்னேன். நல்ல வேடிக்கைதான். அவர் சிரிக்கவில்லை. "ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லும்" என்றார். "ஆமா" என்றேன்.

இப்போது உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கிருமி என்னுடையது. தெரிந்த பிறகும் என் கையால் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். சீட்டை மாற்றியவனும் நான்தான். கருத்தையாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மெஸ்ஸிலிருந்து மறுபடி சாம்பார் மணம் வருகிறதாம். அலி அஸ்கரும் பிழைத்துவிட்டான். எனக்குப் பித்தப்பையை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். எல்லாம் ஒருவழியாக நல்லபடியே முடிகிறது. ஒன்றை மட்டும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்: நான் எதையும் எனக்காகச் செய்யவில்லை. அந்தப் பிள்ளைகள் ஆசையாகக் கைநீட்டின. அதை மறுக்க என்னால் ஆகவில்லை. இதற்குச் சாட்சி வேண்டும் என்று நினைத்துத்தான் நேற்று மத்தியானம் வார்டுக்குப் போனேன்.

அலி அஸ்கரின் அம்மா அலிமா பீவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"வாங்க சார், இரிங்க. நோயாளியப் பாக்க வாறது எவ்வளவு பெரிய நன்ம. அல்லா ஒங்கள நோய் நொடியில்லாம வைக்கட்டும்."

"அப்படித்தாம்மா வச்சிருக்கான்" என்றேன்.

அவர் கஞ்சி வாங்கப் போனார். கட்டிலின் அந்தப் பக்கம் சித்ரலேகா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அலி அஸ்கர் துவரங்குச்சியாக இளைத்திருந்தான். விஷயம் முழுவதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கூச்சத்தோடு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒரு விஷயம் கேக்கேன்லே. மார்க்கு கீர்க்கு எதுவும் இனி என் கையில இல்ல. மறைக்காமச் சொல்லு. நான் ஒரு சனிக்கிழம கொண்டு வராம இருந்திருந்தா நீங்கல்லாம் ஏமாந்துல்லா போயிருப்பீங்க?"

அவன் சித்ரலேகாவைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவன் பையச் சொன்னான்.

"இல்ல சார். ஒருத்தருக்கும் பிடிக்காது. இன்டர்னல் மார்க்கு நீங்க போடுததுனாலதான் கைய நீட்டுவோம். இவ வாயில அதக்கிட்டுப் போய்க் கொழாயடியில துப்பிருவா. எனக்கு அந்தச் சாமர்த்தியம் கெடையாது சார், முழுங்கிட்டேன்."