ஷூவக் கழட்டாம ஏறணும்

பாத்து ஏறுங்க தம்பி, மரப்படி. சத்தம் போடும், ஆனா விழாது. ஆங், அந்த ஜன்னலத் தெறந்துட்டா காத்து நல்லா வரும். தண்ணிக்கும் கொறயில்ல. கறி மீன் சமைக்கலாம், ஃப்ரெண்ட்ஸ் வரலாம், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கண்டிஷன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் வேல முடிஞ்சு வந்தா, ஷூவக் கழட்டாம மேல ஏறணும். கொஞ்சம் அழுத்தி ஏறணும். மேல வந்து இந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து கழட்டிக்குங்க.

சிரிங்க, பரவால்ல. முன்ன இருந்த கமலக்கண்ணனும் சிரிச்சாரு.

சேச்சே, பேயெல்லாம் இல்ல. இருந்தா உங்கள ஏன் கேக்கப் போறேன்?

இது என் தம்பி ஜெர்ரி ரூமு. அவன் ஷஹாபுதீன் பாய் பொண்ணக் கட்டிக்கிறேன்னான். நான் செத்தப்புறம் கட்டிக்கடான்னாங்க எங்கம்மா. அந்தப் பொண்ணு எத்தன நாளு காத்திருக்கும்? வேற எடத்துல கல்யாணம் ஆயிடுச்சு. அன்னிலேர்ந்து இவன் அம்மா ரூமுக்குள்ள கால் வைக்கல. அவங்களும் கூப்புடல. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே புத்தி. நடுவுல நான்.

அம்மாவுக்கு சக்கரையில கண்ணு போயிடுச்சு. கீழ, படிக்குப் பக்கத்து ரூமுலதான் படுத்திருப்பாங்க. இவன் வேலயிலேர்ந்து வந்து வேணும்னே ஷூவோட தொம்மு தொம்முன்னு ஏறுவான். வந்துட்டேன், ஆனா உங்கிட்ட பேச மாட்டேன்னு சொல்றாப்ல இருக்கும். அது காதுல விழுந்தாத்தான் அம்மா சாப்புடுவாங்க. வந்துட்டான், சோத்தப் போடுடாம்பாங்க. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது அவ்வளவுதான்.

இல்ல தம்பி, அவன் இப்ப இல்ல. சேதராப்பட்டு ரோட்டுல லாரி அடிச்சிடுச்சு. அம்மாவுக்கு அப்பத்தான் கதிர்காமம் ஆஸ்பத்திரியில நெஞ்சு ஆபரேஷன் பண்ணிக் கூட்டியாந்திருக்கோம். அதிர்ச்சியான சேதி எதுவும் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதனால பிரேதத்த வீட்டுக்குக் கொண்டாரல. நேரா கோயில், அங்கேர்ந்து கல்லற. அழறதுக்கு வந்த சொந்தக்காரங்கள தெருமுனையிலயே நிறுத்திட்டேன். எல்லாத்தையும் யோசிச்சவன் கோயில் மணிய மறந்துட்டேன். காலையில சாவு மணி அடிக்குது. யாருக்குடான்னு கேட்டாங்க. வாயில வந்தது, பின்னாடி தெரு ஆனந்தமேரிக்குன்னுட்டேன். அம்மா படுத்தவாக்குலயே ஒரு செபமால சொன்னாங்க.

அடுத்த வாரம் ஆனந்தமேரி ஒரு சீப்பு வாழப்பழத்தோட அம்மாவ விசாரிக்க வருது.

வா ஆனந்தம், உக்காருன்னாங்க. வேற ஒரு வார்த்த கேக்கல. வயசாயிடுச்சு, மறந்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆனா படிச் சத்தம் இல்லாம சோறு எறங்கல அவங்களுக்கு. நானே ஜெர்ரி ஷூவ மாட்டிக்கிட்டு ஏறினேன். பாதிப் படியில நிக்கிறேன், தனிஸ்லாஸ், தண்ணி கொண்டாடான்னு கீழேர்ந்து அம்மா என்னக் கூப்புடுறாங்க. எங்கேர்ந்து பதில் சொல்றது? ஷூவக் கையில எடுத்துக்கிட்டு என் வீட்டுப் படியில திருடன் மாதிரி எறங்கினேன். அதுக்கப்புறம்தான் கமலக்கண்ணன வச்சேன். அவரு பூன மாதிரி நடப்பாரு, சொல்லிக் குடுத்தும் சரியா வரல. ஜெர்ரி எளச்சுட்டான்டா, தெனம் முட்ட அவிச்சுக் குடுன்னாங்க அம்மா. கமலக்கண்ணன் சைவம். முட்டய நான் தின்னேன்.

அம்மாவப் பாக்கணுமா? ஏறி வரும்போது கீழ ஒரு கதவு சாத்தியிருந்துச்சே, அதான் அவங்க ரூமு. தவக்காலத்துலயே தவறிட்டாங்க.

தூக்கத்துலதான். கஷ்டப்படல.

அவங்களுக்கு மணி அடிக்கிறப்ப நான் கோயில் வாசல்ல நின்னேன். எங்க கோயில்ல ஆம்பள செத்தா பெரிய மணி, பொம்பள செத்தா சின்ன மணி. பொறந்ததுலேர்ந்து கேக்குறது. அன்னிக்குத்தான் எனக்கு ஒறச்சது. ஜெர்ரிக்கு அடிச்சது பெரிய மணி. நான் சொன்னதோ ஆனந்தமேரி. கண்ணு தெரியாத மனுஷிக்குக் காதுதானே எல்லாம். மொத நாளே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டேதான் தெனம் சாயங்காலம் எங்கிட்ட, வந்துட்டான், சோத்தப் போடுடான்னு சொல்லியிருக்காங்க. நான் அவங்களுக்காக ஆள் வச்சேன். அவங்க எனக்காகச் சாப்புட்டாங்களா? யாரக் கேக்குறது?

அது சரி, நீங்க கேக்குறது ஞாயந்தான். அவங்களும் போயிட்டாங்க, அப்புறம் எதுக்கு ஷூவு.

இப்ப கீழ நான் ஒருத்தன்தான் இருக்கேன் தம்பி. மேல யாராவது வந்த சத்தம் கேட்டாத்தான் சோறு போட்டுக்கணும்னு தோணுது.

உங்களுக்கு வேல எத்தன மணிக்கு முடியும்?