பூச்சி அரிக்காத பதினொரு தாள்கள்

மைதாவில் காய்ச்சிய பசையைப் பூச்சி விரும்பித் தின்னும். மரச்சீனிக் கிழங்கு மாவில் காய்ச்சி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் அந்தப் பக்கமே வராது. அச்சாபீஸ் வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இது பழகிவிட்டது. பழகாமல் இருந்திருந்தால், செல்வதாஸ் அண்ணன், நேற்று நீங்கள் வாசகசாலையின் அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னைத் தேடி வந்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். புத்தகத்தின் முதுகிலிருந்து ஊசிக்கண் போல ஓட்டைகள் போகின்றன. ஒரு தாளில் இருக்கிறது, அடுத்த தாளில் இல்லை, அதற்கடுத்த தாளில் மறுபடியும் இருக்கிறது. இப்படிப் பதினொரு தாள்கள் மட்டும் எப்படித் தப்பின என்று கேட்டீர்கள். எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நீங்கள் வக்கீல் குமாஸ்தா. உங்களுக்கும் எழுத்தில் இருப்பதுதான் வசதி. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நாளைக்கு வேறு யார் படித்தாலும் விளங்க வேண்டும்.

திங்கள்சந்தையில் எங்கள் வாசகசாலையில் சனிக்கிழமை சாயங்காலம் பொது அறிவுக் கேள்வி நடக்கும். உங்கள் தம்பி ஆபேல்தான் அதைத் தொடங்கியவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தான். கேள்விகளைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடுவோம். யார் போட்டது என்று கேட்கக் கூடாது. வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிற ஏசுஅடிமை சீட்டை எடுத்துப் படிப்பார். தெரிந்தவர்கள் பதில் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வோம். கடைசியில் 'உலக விவரக் கொத்து' என்ற அந்தத் தடிப் புத்தகத்தைத் திறப்பார்கள். அதில் அச்சாகியிருப்பதுதான் தீர்ப்பு. தோற்றவன் எழுந்து நின்று, சரியான வரியை மூன்று தடவை சத்தமாக வாசிக்க வேண்டும். சிரிப்புக்காக வைத்த சட்டம்.

அந்தப் புத்தகம் எங்கள் அச்சாபீசில் நாற்பத்தொன்பதில் அச்சானது. இருநூறு பிரதிகள்தான். அதன் பக்கங்களைக் கோத்த கம்பாசிட்டர் நான். கால் வருஷம் அந்த ஈய எழுத்துகளோடு கிடந்தும் அதில் உள்ள விவரம் ஒன்றும் என் தலையில் ஏறவில்லை. என் தலையில் வேறு ஊர்கள் இருந்தன. மொழிபெயர்த்து வருகிற ரஷ்ய, பிரெஞ்சு நாவல்களை எழுத்துப்பெட்டிக்கு அடியில் வைத்துப் படிப்பேன். தக்கலை ரோட்டில் சைக்கிளில் போகும்போது இரண்டு பக்கமும் பனி விழுவதாக நினைத்துக்கொள்வேன். சனிக்கிழமைகளில் நான் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் தப்பு.

ஐம்பத்திரண்டு சித்திரையில் ஒரு சீட்டு வந்தது. கணவாய்க்கு எத்தனை இருதயம்? குளச்சலிலிருந்து வருகிற கணவாய் மீனை நாங்கள் எல்லோரும் தின்றிருக்கிறோம். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. நான் யோசிக்காமல் ஒன்று என்றேன். ஒரு உயிருக்கு ஒரு இருதயம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆபேல் மூன்று என்றான். புத்தகத்திலும் மூன்று என்றே இருந்தது. நான் எழுந்து நின்று மூன்று தடவை வாசித்தேன். உட்காரும்போது ஆபேல் சொன்னான்:

"மக்கா, ஒனக்க கதைப் புஸ்தகத்துல எல்லாவனுக்கும் ஒரு இருதயந்தான். அதுவும் ஒடஞ்சிருக்கும்."

நல்ல வேடிக்கைப் பேச்சுதான். ஏசுஅடிமை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். ஆபேல் என் நண்பன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அந்தப் பக்கத்தில் 'ஒன்று' என்று இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. நாவல் படிக்கிறவர்களுக்கு இப்படி ஆசைகள் வரும்.

பழைய தாள் மிச்சம் பரண்மேல் கிடந்தது. எழுத்தும் அதே எழுத்து. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயில் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் கோத்து, முன்னும் பின்னும் அடித்தேன். வாசகசாலைப் புத்தகத்தில் மூலத் தாளை ஓரம் விட்டு வெட்டியெடுத்துவிட்டு, என் தாளை அந்த மயில்துத்தப் பசையால் ஒட்டினேன். ஒட்டின இடம் எனக்கே தெரியவில்லை. அதோடு விட்டிருப்பேன். ஒரு பக்கத்தில் நான் சரியாக இருக்கிறேன் என்பதே போதும் என்றிருந்தது.

ஒன்பது மாதம் கழித்து அதே கேள்வியைச் சீட்டில் எழுதிப் போட்டேன். நான் போட்டதுதான். மற்றவர்களுக்கு இது பழைய கேள்வி என்பதே நினைவில்லை; அவர்களுக்கு நினைவிருந்தது அந்தக் கேலிப் பேச்சு மட்டும். ஆபேல் சிரித்துக்கொண்டே, "இத முன்னயே கேட்டாச்சுல்லா, மூணு" என்றான். நான் வாய் திறக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தார்கள்.

அவன் எழுந்து நின்று, "கணவாய்க்கு இருதயம் ஒன்று" என்று மூன்று தடவை வாசித்தான். முதல் தடவை சிரிப்போடு. இரண்டாவது தடவை மெதுவாக. மூன்றாவது தடவை அவன் முகத்தில் வந்தது என்ன என்று எனக்கு மட்டுந்தான் தெரியும்.

உங்கள் அம்மா தங்கபாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி நான்கு வருஷம் அவர்கள் உங்கள் இருவர் பெயரையும் மாற்றிக் கூப்பிட்டார்கள். பிறகு பெயரே இல்லாமல் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் சின்னச் சின்ன மறதிதான் என்று ஆபேல் என்னிடம் சொல்லியிருக்கிறான். உப்புப் பரணி எங்கே, இன்றைக்கு என்ன கிழமை. இந்தச் சீக்கு தனக்கும் வருமோ என்ற பயத்தை அவன் உங்களிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான். குளத்தங்கரையில் உட்கார்ந்து, வேறு எதையோ பேசுவதுபோலச் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. குளச்சல் கடற்கரைக்குப் போய் ஏலத்தில் கணவாய் வாங்கி, அங்கேயே மணலில் உட்கார்ந்து அறுத்துப் பார்த்திருக்கிறான். மத்தியானம் அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றான். கணவாய் மை முழங்கைவரை கறுப்பாக ஒழுகிக் காய்ந்திருந்தது. என் கைகளிலும் அச்சு மை. இரண்டு பேரும் ஒரே வேலை செய்துவிட்டு வந்தவர்கள் போல நின்றோம்.

"ஒண்ணுதான் மக்கா கண்ணுக்குத் தெரியுது" என்றான். "ஏழெட்டு அறுத்தாச்சு. முன்ன நாம மூணுன்னு வாசிச்சோமா, இல்லியா? எனக்க ஓர்மையில அப்படித்தான் இருக்கு."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். மூலத் தாள் ஐந்தடி தள்ளி என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்:

"புஸ்தகத்துல ஒண்ணுன்னுதான மக்கா இருக்கு."

அவன் தலையை ஆட்டினான். தண்ணீர் கேட்டுக் கைகழுவினான். மை முழுசாகப் போகவில்லை.

அதன்பிறகுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவன் தினமும் சாயங்காலம் என்னைத் தேடி வர ஆரம்பித்தான். அதற்கு முன்னால் நான் தேடிப் போவதுதான் வழக்கம். கதைகளைக் கேலி செய்கிறவன், கதை சொல்லச் சொல்லிக் கேட்டான். நான் வாசிப்பேன், அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பான். "கதையில தப்பான விடை கெடையாது, இல்லியா?" என்றான் ஒருநாள். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோஷம். இருபத்துமூன்று வயதுவரை எனக்கு அப்படி ஒருவர் கிடைத்ததில்லை.

அவன் தேறிவருவதாகத் தெரிந்தால் வருகை குறையும். வருகை குறைந்தால் நான் ஒரு தாள் அடித்து ஒட்டி, அந்தக் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடுவேன். ஒரு கால்வாயின் நீளம், ஒரு கோபுரத்தின் உயரம், ஒரு வியாதிக்கு மருந்து கண்டுபிடித்த வருஷம். பள்ளிக்கூடப் புத்தகங்களில் இல்லாத, அவன் மனசில் மட்டும் இருந்த விடைகளாகத் தேர்ந்தெடுத்தேன். அவன் எழுந்து நின்று மூன்று தடவை வாசிப்பான். அடுத்த நாள் சாயங்காலம் வந்துவிடுவான். ஒன்றரை வருஷத்தில், முதல் தாளையும் சேர்த்து, பத்துத் தாள்கள். வாசகசாலையில் எல்லோரும் அவனுக்காக வருத்தப்பட்டார்கள். வாத்தியார் இளைத்துப்போனார் என்றார்கள். ஏசுஅடிமை கேள்விப்போட்டியையே நிறுத்திவிடலாமா என்றுகூடக் கேட்டார். ஆபேல்தான் வேண்டாம் என்றான். நிறுத்தினால் தன்னை எதில் சோதித்துப் பார்ப்பது என்று பயந்தான்.

ஐம்பத்துநான்கில் அவனுக்கும் நேசபாய்க்கும் கல்யாணம் நிச்சயமானது. அவள் மயிலாடிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகு மயிலாடிக்கே மாற்றல் கேட்டிருப்பதாக அவன் சொன்னபோது முகம் பழையபடி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் சபையாருக்கு அறிவிக்கிற கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்கு வரவில்லை என்று நீங்கள் குறைபட்டுக்கொண்டீர்கள். அச்சாபீசில் இருந்தேன். பதினோராவது தாள்.

சூரிய வெளிச்சம் பூமிக்கு வர எட்டு நிமிஷம் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. வருஷாவருஷம் வகுப்பின் முதல் நாளில் ஆபேல் அதைத்தான் சொல்வான். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, "ஒங்க மேல படுகது எட்டு நிமிஷத்துக்கு முந்தின வெயிலு" என்பான். நான் அந்த எட்டைப் பதினெட்டு ஆக்கினேன். நாலைந்து ஈய எழுத்துகள், அவ்வளவுதான் வேலை.

சனிக்கிழமை அவன் அதை மூன்று தடவை வாசித்தான். மறுநாள் இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம், இத்தனை வருஷமும் உங்களுக்குத் தப்பாகச் சொல்லித்தந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறான். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மத்தியானம் ராஜினாமா எழுதிக் கொடுத்தான். வியாழக்கிழமை போதகரிடம் போய் மூன்றாவது ஓலையை நிறுத்தச் சொன்னான். நேசபாய் உங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, "எனக்கு ஒரு பாடமும் படிச்சுத்தர வேண்டாம், கூட இருந்தாப் போதும்" என்று சொன்னதாக நீங்களே என்னிடம் சொன்னீர்கள். அதற்கு அவன், "இண்ணைக்கு எட்ட மறந்தவன் நாளைக்கு ஒன்னய மறப்பான்" என்றானாம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. என் அழுகையில் பொய் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் தினமும் என்னிடம் வந்தான். அந்த மாதத்தில் மூன்று நாவல்கள் முடித்தோம். ஐப்பசி மழையில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானலில் கரைமட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலம், செருப்பைக் கரையில் ஒழுங்காக வைத்துவிட்டு அவன் இறங்கினான். ஆபேல் இறந்தது சானலில், கொன்றது நான். அதை மறைக்க எனக்கு எண்ணம் இல்லை. அதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பெயர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நீங்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். போன மாதம் ஒன்றாம் தேதி நம்முடைய தாலுகாக்கள் ஒரே நாளில் திரு-கொச்சி ராஜ்யத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்குப் போயின. உலக விவரக் கொத்தில் எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்தில் என்று சொல்லும் நாலாம் பக்கம் நான் தொடாமலே தப்பாகிவிட்டது. அதனால் யாராவது சானலில் இறங்கினார்களா? விடை மாறுவது உலகத்தில் நடக்கிறதுதான். ஆபேல் அதைக் கொஞ்சம் லேசாக எடுத்துக்கொண்டிருக்கலாம். இதையும் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

மூலத் தாள்கள் பதினொன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சம்மதமானால் நானே அவற்றைத் திரும்ப ஒட்டித் தருகிறேன். பசை காய்ச்ச ஒரு மணி நேரம் போதும்.

ஒரு சின்ன நோட்டும் இருக்கிறது. அவன் சட்டைப்பையில் நனைந்து கிடந்து, நீங்கள் வெயிலில் காயவைத்தது. அடக்கம் முடிந்த மறுநாள் அதை என் கையில் தந்து, "கடைசி வரியப் பாரு மக்கா, நீயே வச்சுக்கோ" என்றீர்கள். தலைப்பு, 'எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை'. பென்சில் எழுத்து, அழியவில்லை. என் பெயர் ஆபேல். அண்ணன் பெயர் செல்வதாஸ். எங்கள் கிணற்றுக்குப் பன்னிரண்டு உறை. நேசபாய்க்கு இடது கன்னத்தில் மறு. இப்படிப் பதினான்கு வரிகள். பதினான்காவது என்னைப் பற்றியது: குமாரதாஸ் என்னிடம் பொய் சொல்லமாட்டான்.

பிழை பார்க்கிறவனின் பழக்கத்தில் நான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கிணற்று உறைகளை எண்ணினேன். நேசபாயை மயிலாடிக்குப் போய்த் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். பதினான்கும் சரி. கடைசி வரியில்தான் அதிக நேரம் நின்றேன். அச்சில் இருந்தது வேறு. என் வாயால் நான் அவனிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை.